ஆளில்லாத் தீவுகளின் தீ: கூரில் எரிமலைகளின் வரலாறு எப்படி எழுதப்பட்டது

ரஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பம் முடியும் இடத்திலிருந்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவு வரை, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் வில்லாக வளைந்து கிடக்கின்றன. இவைதாம் கூரில் தீவுகள். மேற்கே ஒகோட்ஸ்க் கடல், கிழக்கே பசிபிக் பெருங்கடல். இந்த வரிசையில் சுமார் நூறு எரிமலைகள் உண்டு. அவற்றில் நாற்பது வரை இன்னும் உயிருள்ளவை. மனிதர்களோ மொத்தமே இருபதாயிரம் பேர் அளவில்தான். அவர்களும் வடகோடியில் பரமுஷீரிலும் தெற்கே இதுருப், குனாஷிர், ஷிகோதான் தீவுகளிலும் குடியிருக்கிறார்கள். இடையில் உள்ள தீவுகளில் ஊர் என்று ஒன்றும் இல்லை. மூடுபனி, கடற்பறவைகள், கடற்சிங்கங்கள், மலைகள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடத்துக்கு வெடிப்பு வரலாறு எழுதுவது எப்படி? இத்தாலியின் வெசுவியஸ் மலைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சாட்சிகள் இருந்திருக்கிறார்கள். கூரிலின் எழுத்துப் பதிவு 18ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது, அதுவும் துண்டுதுண்டாக. ஒரு மலையின் பெயருக்கு நேரே நூறாண்டு வெற்றிடம் தெரிந்தால், அது தூங்கிக்கொண்டிருந்தது என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1831இல் நடந்த ஒரு வெடிப்பு காட்டுகிறது. வடகோளத்தையே குளிரவைத்த அந்த வெடிப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க அறிவியலுக்கு 190 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன், இங்கே ஏன் இத்தனை எரிமலைகள் என்று பார்த்துவிடலாம்.

தீவு வரிசைக்குக் கிழக்கே, அதற்கு இணையாக, ஒன்பது கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுள்ள ஒரு கடலடி அகழி ஓடுகிறது. பசிபிக் புவித்தட்டு ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து வந்து அங்கேதான் கீழே இறங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்த பாறை அது. அதன் கனிமங்களுக்குள் நீர் பிணைந்திருக்கிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கும்போது, அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் மேலே உள்ள சூடான பாறைக்குள் நுழைந்ததும் அதன் உருகுநிலை குறைகிறது. புதிதாகச் சூடு ஏற்றாமலேயே பாறை உருகத் தொடங்கும். அப்படிப் பிறக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் கந்தக வாயுக்களும் நிறையக் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் தளர்ந்து, வாயு பிரிந்து விரிகிறது. ஹவாய் எரிமலைகளில் குழம்பு பெரும்பாலும் ஆறாக வழிவதைப் பார்த்திருப்போம். கூரிலில் அது பல சமயங்களில் சாம்பலாகச் சிதறி வானத்துக்குப் போகிறது.

இந்த மலைகளை முதலில் அறிந்தவர்கள் இப்பகுதியின் பழங்குடிகளான ஐனு மக்களும் அவர்களுக்கு முன்னே வாழ்ந்தவர்களும். மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இத்தீவுகளில் மீன்பிடித்தும் கடல்விலங்குகளை வேட்டையாடியும் வாழ்ந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. குடியிருப்பு மண், அதன்மேல் சாம்பல் அடுக்கு, அதன்மேல் மறுபடியும் குடியிருப்பு மண் என்று அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. வெடிப்புக்குப் பின்னும் மனிதர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். வட கூரிலின் மிக உயரமான மலையான அலாயித்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கம்சாத்காவுக்கு வந்த ரஷ்ய ஆய்வாளர் ஸ்தெபான் கிராஷெனின்னிகோவ் அதைக் குறித்துவைத்தார். ஒரு காலத்தில் அலாயித் கம்சாத்காவின் தென்பகுதியில் ஓர் ஏரி இருக்கும் இடத்தில் நின்றதாம். தங்களுக்கு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பக்கத்து மலைகள் ஓயாமல் சண்டை போட்டன. மனம் வெறுத்துப்போய் அது கடலுக்குள் இறங்கி நடந்தது. தன் இதயத்தை மட்டும் ஏரி நடுவே விட்டுச் சென்றது. அந்த ஏரியில் இன்றும் ஒரு பாறைத் திட்டு 'அலாயித்தின் இதயம்' என்றே அழைக்கப்படுகிறது. தனித் தீவாகக் கடலிலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் எழுந்து நிற்கும் அந்தக் கூம்பின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று விளக்கத் தேவையில்லை.

எழுத்துப் பதிவு கம்பளித்தோல் வணிகத்தோடு வந்தது. கடல்நீர்நாய்த் தோலைத் தேடித் தெற்கே இறங்கிய ரஷ்யர்கள் வழியில் கண்ட புகையையும் தீயையும் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளில் மிகக் கொடியது 1778ஆம் ஆண்டுக்கு உரியது. மாட்டுவா தீவிலிருந்து வடக்கே திரும்பிக்கொண்டிருந்த ஒரு குழு ரைகோக்கே என்ற சிறு தீவருகே இருந்தபோது மலை வெடித்தது. வானத்திலிருந்து விழுந்த கற்களில் 15 பேர் மாண்டனர். கூரில் வெடிப்புகளில் உயிரிழப்பு பதிவான முதல் நிகழ்வு அதுதான். தீவின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அப்போது அழிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குழு அன்று அங்கே இல்லாதிருந்தால் இந்த வெடிப்பும் பட்டியலில் இடம்பெறாமல் போயிருக்கக்கூடும்.

இதற்கிடையில் தீவுகளின் உடைமை கைமாறிக்கொண்டே இருந்தது. 1855 ஷிமோதா உடன்படிக்கை இதுருப்புக்கும் உருப்புக்கும் இடையே எல்லை போட்டது. 1875இல் எல்லாத் தீவுகளும் ஜப்பானுக்குப் போயின. 1945இல் சோவியத் படைகள் கைப்பற்றின. தெற்குத் தீவுகள் யாருக்கு என்ற வழக்கு ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே இன்றும் தீரவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிவேடுகள் வேறு மொழிக்கு, வேறு நகரத்துக்குப் போயின. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு என்று நான் நினைப்பது 1884இல் நடந்தது. வடகோடியிலுள்ள ஷும்ஷுவில் வாழ்ந்த கூரில் ஐனுக்களை ஜப்பானிய அரசு தெற்கே ஷிகோதானுக்குக் குடிபெயர்த்தது. பழகாத வாழ்க்கைமுறையில் சில ஆண்டுகளிலேயே பலர் இறந்தனர். எந்த மலை எப்போது முழங்கியது, எந்தக் கரையில் கல் விழுந்தது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவைக் கேட்டு எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை.

ஜப்பானிய ஆட்சிக்காலத்தின் பிற்பகுதியில் பதிவுகள் கொஞ்சம் தெளிவாகின்றன. 1933 ஜனவரி 8 அன்று ஹரிம்கோதான் தீவின் செவெர்கின் எரிமலையில் வெடிப்போடு மலைச்சரிவும் இடிந்து கடலுக்குள் பாய்ந்தது. எழுந்த ஆழிப்பேரலை பக்கத்து ஒனெகோதான் தீவில் இருவரைக் கொன்றது. அதே ஆண்டு நவம்பரில் அலாயித்தின் கிழக்குக் கரையோரம் கடலடியிலிருந்து ஒரு புதிய தீவு முளைத்தது. அதற்கு தாகேதோமி என்று பெயரிட்டார்கள். பின்னர் மணல்திட்டு இணைத்து அது அலாயித்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

சோவியத் காலத்தில் கியோர்கி கோர்ஷ்கோவ் போன்ற எரிமலையியலாளர்கள் தீவு தீவாகச் சென்று முறையான பட்டியலைத் தொகுத்தனர். 1946 நவம்பரில் மாட்டுவாவின் சாரிச்செவ் மலை வெடித்து, சுடுசாம்பல் பெருக்கு கடலைத் தொட்டது. 1973 ஜூலையில், 1812க்குப் பிறகு பெரிய வெடிப்பு எதுவும் பதிவாகாத தியாத்யா மலை குனாஷிரில் பக்கவாட்டில் வெடித்தது.

1952இல் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நவம்பர் மாதம் 4ஆம் தேதி கம்சாத்காவுக்கு அப்பால் 9.0 அளவு நிலநடுக்கம். அதன் ஆழிப்பேரலை பரமுஷீரின் செவெரோ-கூரில்ஸ்க் நகரத்தை வழித்துப்போட்டது. இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். எட்டு நாள் கழித்து, 12ஆம் தேதி, ஒனெகோதானின் கிரெனிட்சின் மலை வெடித்தது. அந்த மலை நிற்கும் இடமே விசித்திரமானது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருவெடிப்பில் நிலம் உள்வாங்கி ஏழு கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் உண்டாயிற்று. அது ஏரியாயிற்று. ஏரி நடுவே புதிய கூம்பு வளர்ந்தது. தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் எரிமலை. பெரும் நிலநடுக்கம் பக்கத்து எரிமலையைத் தட்டியெழுப்புமா? ஏற்கெனவே வெடிக்கத் தயாராக இருக்கும் மலையைத்தான் அது உசுப்பும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் பார்வை. 2025 ஜூலை இறுதியில் கம்சாத்காவுக்கு அப்பால் 8.8 அளவு நிலநடுக்கம் வந்து சில நாட்களில், பல நூற்றாண்டுகளாக வெடிக்காதிருந்த கிராஷெனின்னிகோவ் எரிமலை அந்தத் தீபகற்பத்தில் வெடித்தபோது இந்தக் கேள்வி மறுபடியும் எழுந்தது. அலாயித்தின் கதையைக் குறித்துவைத்த அதே ஆய்வாளரின் பெயர் தாங்கிய மலை அது.

இனி 1831க்கு வரலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் உலகின் பல இடங்களில் சூரியன் நீலமாகவும் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிந்ததாகக் குறிப்புகள் உள்ளன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னர், ஆகஸ்ட் 13 அன்று நிறம் மாறிய சூரியனைக் கண்டு, அதைக் கடவுள் தந்த அடையாளமாக எடுத்துக்கொண்டார். கிளர்ச்சி அடுத்த வாரம் வெடித்தது. அந்தக் கோடையில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பயணம் செய்த இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன், குளிர்காலம்போல் குளிர்கிறது, பக்கத்துக் குன்றுகளில் பனி கிடக்கிறது என்று எழுதினார்.

வானத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று பனியில் கிடைத்தது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் ஆண்டுக்காண்டு விழும் பனி அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கிறது. துளையிட்டு நீண்ட உருளையாக வெட்டியெடுத்தால், ஒவ்வோர் ஆண்டின் காற்றில் என்ன மிதந்தது என்று படிக்கலாம். பெரிய வெடிப்பில், மேகங்களுக்கு மேலுள்ள அடுக்குமண்டலத்துக்குப் போகும் கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலத் துளிகளாக மாறி, சூரிய ஒளியைத் திருப்பியனுப்புகிறது. பின்னர் அது பனியோடு தரையிறங்கும். 1831ஆம் ஆண்டு அடுக்கில் கந்தகம் குவிந்திருந்தது. ஆனால் அதை உமிழ்ந்த மலை எது என்று தெரியவில்லை. பிலிப்பைன்ஸின் பாபுயான் கிளாரோ தீவு எரிமலையை நெடுங்காலம் கைகாட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அந்த அளவு வெடிப்புக்குத் தடயமே இல்லை. அடுத்து, அதே 1831 ஜூலையில் சிசிலிக்குத் தெற்கே கடலில் முளைத்து, சில மாதங்களில் அலைகளுக்கு இரையான ஃபெர்டினாண்டியா தீவின்மேல் சந்தேகம் விழுந்தது. அதற்கும் பொருத்தமான பதில் கிடைக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில் ஹட்சிசனும் பல நாட்டு ஆய்வாளர்களும் இதைத் தீர்த்துவைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் கந்தகத்தின் அளவை இரு துருவங்களிலும் ஒப்பிட்டார்கள். அண்டார்க்டிகாவைவிடக் கிரீன்லாந்தில் பல மடங்கு அதிகம். ஆகவே மலை நிலநடுக்கோட்டருகே இல்லை, வடக்கே எங்கோ இருக்கிறது. அடுத்து, கந்தகம் இருந்த அதே பனியிலிருந்து, மயிரிழையின் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் எரிமலைக் கண்ணாடித் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலுக்கும் தனக்கே உரிய வேதிக் கலவை உண்டு. இந்தத் துகள்களில் பொட்டாசியம் குறைவு. அலாஸ்கா, ஐஸ்லாந்து, ஜப்பான் என்று வடக்கின் எரிமலைப் பகுதிகளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கழித்த பின், பல ஆண்டுகளுக்கு முன் கள ஆய்வாளர்கள் கூரிலில் சேகரித்து வைத்திருந்த சாம்பல் மாதிரிகள் எஞ்சின. அவற்றில் ஒன்று அச்சாகப் பொருந்தியது. சிமுஷிர் தீவின் சவரித்ஸ்கி எரிமலை. அதன் நடுவே மூன்று கிலோமீட்டர் அளவுள்ள பள்ளமும் அந்த வெடிப்பில் நிலம் உள்வாங்கியதால் உண்டானதுதான். 2024 டிசம்பர் இறுதியில் முடிவு வெளியானது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ வெடித்த அளவோடு ஒப்பிடத்தக்க வெடிப்பு அது. வடகோளத்தின் வெப்பநிலையை ஏறத்தாழ ஒரு பாகை குறைத்தது.

சவரித்ஸ்கியின் எழுத்துப் பதிவில் அதுவரை இந்த 1831 இல்லை. 1957இல் நடந்த ஒரு சிறு வெடிப்பு இருந்தது. இத்தனைக்கும் சிமுஷிர் மனிதக் கால்படாத தீவு அல்ல. அதன் வடமுனையில் கடலுக்குத் திறந்த எரிமலைப் பள்ளமான புரவுட்டன் விரிகுடாவில் சோவியத் கடற்படை நீர்மூழ்கித் தளமே வைத்திருந்தது. அந்தத் தளம் 1990களில் கைவிடப்பட்டது. அங்கே காவலிருந்தவர்களுக்குத் தங்கள் தீவு ஒருமுறை உலகின் வானிலையையே மாற்றியது என்று தெரிந்திருக்க வழியில்லை.

இந்த வெடிப்புக்குப் பின் வந்த ஆண்டுகளில் ஜப்பானில் தென்போ பஞ்சம் தொடங்கியது. நம் பக்கத்திலும் 1832–33இல் சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில் கொடும் பஞ்சம் வந்தது. தெலுங்கு மக்கள் அதை நந்தன ஆண்டுப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருந்தார்கள். குண்டூரின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு மடிந்ததாகக் கணக்கு சொல்கிறது. பெரிய வெடிப்புகள் பருவமழையைப் பலவீனமாக்கக்கூடும் என்பது அறிவியல் ஏற்றுக்கொண்ட ஒன்று. அதற்காக, குண்டூரின் சாவுகளுக்கெல்லாம் சிமுஷிர்தான் காரணம் என்று எழுதுவது தவறு. மழை பொய்த்த ஊரில் வரிவசூலும் தானிய விலையும் கம்பெனி ஆட்சியின் மெத்தனமும்தான் பசியைச் சாவாக்கின. அறுவடை பொய்ப்பதில் எரிமலைக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம். அந்தப் பங்கு எவ்வளவு என்று இனி கணக்கிடத் தொடங்கலாம், ஏனென்றால் மலை எது என்று இப்போது தெரியும்.

இன்று ஆளில்லாத் தீவையும் வானிலிருந்து ஒரு கண் பார்க்கிறது. அதன் முதல் பெரிய சோதனை 2009 ஜூனில் வந்தது. சாரிச்செவ் மலை மறுபடி வெடித்தபோது மாட்டுவாவில் கருவி இல்லை. நிலநடுக்க நிலையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. செயற்கைக்கோள் படங்களே வெடிப்பை அறிவித்தன. ஜூன் 12 அன்று சர்வதேச விண்வெளி நிலையம் தற்செயலாக அதன் மேலே கடந்தபோது எடுத்த படம் உலகம் முழுக்கப் பரவியது. பழுப்புநிறச் சாம்பல் தூண், அதன் தலையில் வெண்மையாகப் படிந்த மேகத் தொப்பி, கீழே சரிவில் ஓடும் சுடுசாம்பல் எல்லாம் அதில் தெரிகின்றன.

பத்தாண்டு கழித்து, 2019 ஜூன் 22 அன்று, ரைகோக்கேயின் முறை. 1924க்குப் பிறகு 95 ஆண்டுகள் அமைதியாயிருந்த மலை. சுமார் 15 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு வானத்துக்குப் போனது. சில வாரங்களில் வட அமெரிக்காவில் அந்திவானம் ஊதாநிறமாகத் தெரிந்தது. ரைகோக்கேயின் கரை கடற்சிங்கங்கள் குட்டி ஈனும் இடம். ஜூன் அதற்கான பருவம். மனித உயிரிழப்பு இல்லை என்று செய்திகள் நிம்மதியாக முடித்துக்கொண்டன. அந்தக் கரையைப் பற்றி அவற்றில் பெரும்பாலானவை ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆளில்லாத் தீவு வெடித்தால் யாருக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு 1989 டிசம்பர் 15 பதில் சொல்லும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆங்கரேஜ் வழியாகத் தோக்கியோ செல்லவேண்டிய கேஎல்எம் போயிங் 747, அலாஸ்காவின் ரிடௌட் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. எஞ்சின் சூட்டில் சாம்பல் உருகிக் கண்ணாடியாகி, சுழலி இதழ்களில் ஒட்டியது. நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. 245 பேரோடு ஆயிரக்கணக்கான அடி இறங்கிய பிறகே அவற்றை மறுபடி இயக்க முடிந்தது. வட அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகும் வான்வழிகள் கூரிலை ஒட்டியே செல்கின்றன. அதனால்தான் சகாலினிலும் கம்சாத்காவிலும் உள்ள எரிமலைக் கண்காணிப்புக் குழுக்களும் தோக்கியோவின் சாம்பல் எச்சரிக்கை மையமும் இந்த ஆளில்லா மலைகளை விடாமல் பார்க்கின்றன. ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அனுப்புகிறது.

ஆனால் வானிலிருந்து பார்ப்பது வெடித்த பிறகு பார்ப்பது. வெடிப்பதற்கு முன் மலை தரும் சிறு அதிர்வுகளையும் நிலம் புடைப்பதையும் வாயு மாறுவதையும் அறிய அதன் தோளிலேயே கருவி வைக்க வேண்டும். மூடுபனியும் புயலும் படகு இறங்க இடமில்லாத பாறைக் கரைகளும் அதை மிகக் கடினமாக்குகின்றன. செலவும் அதிகம். எனினும் ஒரு நீர்மூழ்கித் தளத்தை இங்கே கட்ட முடிந்த மனிதர்களுக்கு நாலைந்து நிலநடுக்கமானிகளை நட முடியாது என்று சொன்னால் அதை ஏற்க மாட்டேன்.

விஞ்ஞானிகள் கூரிலுக்கு வேறு காரணத்துக்காகவும் வந்தார்கள். இதுருப்பின் குத்ரியாவி மலையில் 900 பாகைக்கு மேல் கொதிக்கும் வாயுத்துளைகளின் ஓரத்தில், 1990களின் தொடக்கத்தில் ரீனியம் சல்ஃபைடு கனிமத்தைக் கண்டார்கள். ரீனியம் உலகில் மிக அரிதான உலோகங்களில் ஒன்று. ஜெட் எஞ்சின் சுழலிகளில் சேர்க்கப்படுவது. அந்த உலோகத்துக்குத் தனிக் கனிமம் இயற்கையில் இருப்பது அதற்கு முன் தெரியாது.

மலையோடு அன்றாடம் வாழ்கிறவர்கள் செவெரோ-கூரில்ஸ்க் மக்கள். 1952க்குப் பிறகு ஊரை மேட்டு நிலத்தில் மறுபடி கட்டினார்கள். 2025 நிலநடுக்கத்தின்போது அலை துறைமுகத்துக்குள் புகுந்தது, மக்கள் மேடேறித் தப்பினர். ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் எபேகோ எரிமலை நிற்கிறது. 2016 அக்டோபரில் தொடங்கி அடிக்கடி அது சிறுசிறு சாம்பல் வெடிப்புகளைத் தந்துவருகிறது. காற்று திரும்பும் நாட்களில் சாம்பல் வீட்டு முற்றத்தில் படிகிறது. நடுத் தீவுகளின் நூறாண்டு வெற்றிடங்களோடு எபேகோவின் பதிவை ஒப்பிட்டுப் பாருங்கள்: சின்ன வெடிப்புகள்கூடத் தேதி வாரியாக இருக்கின்றன. பக்கத்தில் பார்க்கக் கண்கள் இருப்பதுதான் காரணம்.

சவரித்ஸ்கியைக் கண்டுபிடிக்க உதவியது, ரஷ்ய மண்ணில் பல ஆண்டுகளுக்கு முன் சேகரித்துப் பாதுகாத்த சாம்பல் மாதிரிகள் வேறு நாட்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான். அரசியல் உறவுகள் கெட்டிருக்கும் இந்நாட்களில் அப்படிப்பட்ட பகிர்வு நின்றுவிடக் கூடாது. ஏனென்றால் பனியில் இன்னும் பெயரில்லாத வெடிப்புகள் உண்டு. 1815இல் இந்தோனேசியாவில் வெடித்த தம்போராவுக்கு முன்னோடியாக, 1809இல் உலகைக் குளிரவைத்த ஒரு பெருவெடிப்பின் கந்தகம் இரு துருவங்களிலும் படிந்திருக்கிறது. வெப்பமண்டலத்தில் எங்கோ நடந்தது என்பதுவரை தெரியும். அதன் மலையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.